மூவாயிரம் மைல் சிநேகிதம்

அமெரிக்காவில், விஸ்கான்சினில் முப்பது வருடம் பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற வெர்னன் க்ரூகர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக மறந்தாலும் மறப்பார், காருக்கு இன்ஜின் ஆயில் மாற்ற மறக்க மாட்டார். மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை. ஒரு மைல் கூடினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

கணக்கு அவருடையதல்ல, ஆர்லனுடையது. ஆர்லன் ஊரில் ஆயில் மாற்றும் கடை வைத்திருப்பவன். வெர்னனின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். ஒவ்வொரு முறையும் ஆயிலை மாற்றிவிட்டு, அடுத்து எத்தனையாவது மைலில் வர வேண்டும் என்று எழுதி, முன்கண்ணாடியின் இடது மூலையில் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புவான். அந்தச் சீட்டு வெர்னனுக்கு வேதவாக்கு. காரோடு வந்த புத்தகத்தை அவர் பிரித்ததே இல்லை. ஆர்லன் இருக்கும்போது அது எதற்கு?

வேதவாக்கைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் வம்பில்லை. யார் கார் வந்து நின்றாலும் அந்த மூலையைத்தான் முதலில் பார்ப்பார். மூன்று வருடத்துக்கு முன், தேங்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கு மகன் கீத் புதுக் காரில் வந்தபோதும் பார்த்தார். சீட்டில் பத்தாயிரம் மைல் இடைவெளி. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று கீத் சொல்லிப் பார்த்தான். வெர்னன் விடவில்லை. வான்கோழியை வெட்டிக்கொண்டே ஆரம்பித்தவர், கடைசியில் கீத்தின் மனைவி நிறைமாதமாக எதிரில் உட்கார்ந்திருப்பதையும் பாராமல், “ஒரு காரையே பார்த்துக்கத் துப்பில்லாதவன் புள்ளையை எப்படி வளர்ப்பான்?” என்று கேட்டுவிட்டார்.

கீத் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மனைவியோடு கிளம்பிப் போனான். அதன்பிறகு வரவில்லை. பேத்திக்கு இப்போது வயது மூன்றாகப் போகிறது. வெர்னன் அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். மனைவி லொரெய்ன் மட்டும் ஞாயிறுதோறும் மகனோடு பேசுவாள். சண்டை நடந்த வாரமே வெர்னன் ஆர்லனிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஆர்லன் அவர் தோளைத் தட்டி, அவர் சொன்னதுதான் சரி என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருடமாக வீம்பாக இருந்தார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், இருவரும் வழக்கம்போல மீன் வறுவல் சாப்பிடக் கிளம்பினார்கள். ஆர்லனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. காலை நீட்ட வசதியாக இருக்கட்டும் என்று அவனுடைய பிக்கப் வண்டியையே வெர்னன் ஓட்டுவதாக ஏற்பாடு. உட்கார்ந்ததும் கண் தானாக மூலைக்குப் போனது. மாற்றியது 41,200. அடுத்தது 51,200. ஆர்லனின் கையெழுத்தேதான்.

“பத்தாயிரம்னு போட்டிருக்கே.”

“இப்ப வர்ற ஆயில் தாங்கும்டா.”

“என் வண்டிக்கு?”

“அதுக்கும்தான்.” ஆர்லன் சிரித்தான். “பழைய ஆயிலுக்கு மூவாயிரம்தான். நீ அதே கணக்குல வந்து நிப்பே. வர்ற ஆளை எதுக்குத் திருப்பி அனுப்பணும்? கடை ஓட வேண்டாமா?”

கடைக்காகச் செய்ததை வெர்னன் மன்னித்திருப்பார். “கீத் சொன்னது தப்புன்னியே?” என்று கேட்டார்.

“அன்னைக்கு நீ இருந்த கோவத்துல வேற என்னத்தைச் சொல்லச் சொல்றே?”

ஆர்லன் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் வெர்னன் அன்றைக்கே மகனைக் கூப்பிட்டிருப்பார். சாவியை ஆர்லனின் மடியில் போட்டார். வேறு யாரையாவது ஓட்டச் சொல் என்று இறங்கி வீட்டுக்கு நடந்தார். பின்னாலிருந்து கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

மகனின் நம்பர் அவரிடம் இல்லை. லொரெய்னின் போனை வாங்கித்தான் கூப்பிட்டார். “சொல்லும்மா” என்றான் கீத்.

“நான்தாண்டா. பத்தாயிரம்தானாம். நீ சொன்னதுதான் சரி. ஆர்லன் இத்தனை வருஷமா என்னை ஏமாத்திட்டான்.”

மறுமுனையில் ஒரு சின்னப் பெண் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஆயிலுக்காகவா நான் வராம இருக்கேன்னு நெனச்சீங்க?” கீத்தின் குரலில் கோபமில்லை. “புள்ளையை எப்படி வளர்ப்பேன்னு கேட்டீங்களே. அதையும் ஆர்லனா சொல்லச் சொன்னாரு?”

வெர்னன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இல்லடா,” என்றார். “அது நான் சொன்னதுதான்.”