குன்வோர் திரும்ப அளந்த தகடு

குன்வோருக்குப் பொய் சொல்ல வராது. தப்பை ஒத்துக்கொள்ள அதைவிட வராது. ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் அவள் பக்கத்து மேஜையில் குப்பை கொட்டியவள் நான் சொல்கிறேன், நம்புங்கள். அவள் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

எக்ஸ்ரேயை வைத்து எவர்சில்வரை விசாரிப்பது அவள் வேலை. எஃகு இழுபட்டால் உள்ளே அணு வரிசைகளின் இடைவெளி மாறும்; அவற்றில் பட்டுத் திரும்பும் கதிரின் கோணமும் இம்மியளவு நகரும். அந்த இம்மியைப் பிடித்து, எஃகுக்குள் எவ்வளவு இறுக்கம் தங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

போன வருஷம் ஒரு தொட்டி பற்றவைத்த இடத்தில் விரிசல் விட்டதிலிருந்து எங்கள் ஆலையில் ஒரு விதி. வெல்டர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மாதிரித் தகடு பற்றவைத்துத் தர வேண்டும். இறுக்கம் முந்நூறு மெகாபாஸ்கலைத் தாண்டினால் அனுமதி போயிற்று. இந்த ஏப்ரலில் ஹோல்கரின் தகடு தாண்டியது. முப்பது வருஷம் வெல்டிங் செய்தவன், திங்கள் முதல் கிடங்கில் பெட்டி அடுக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் எண்ணோடு யார் சண்டை போடுவது?

ஸ்வீடனில், அதுவும் எங்கள் ஊரில், வானமே இடிந்தாலும் மூன்று மணிக்கு எல்லாரும் ஒரே மேஜையில் காப்பி குடித்தாக வேண்டும். ஹோல்கர் ஏலக்காய் ரொட்டியோடு குன்வோருக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"என் மேல ஏதும் கோபமா, குன்வோர்?"

"எனக்கென்ன கோபம்? மிஷின் சொன்னதத்தான் எழுதினேன்."

"சரி விடு. தகடாவது பாக்க லட்சணமா இருந்துச்சுல்ல? உன்கிட்ட வருதேன்னு கிரைண்டர் போட்டுக் கண்ணாடியாட்டம் தேய்ச்சுக் குடுத்தேன்."

குன்வோர் கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்க தேய்ச்ச? பத்தவச்ச எடத்துலயா?"

"பின்ன? அழுக்கா அனுப்பினா நீ என்னச் சும்மா விட்டுருவியா?"

எக்ஸ்ரே எஃகின் மேல்தோலைத்தான் பார்க்கும். ஒரு முடியின் தடிமன்கூட உள்ளே போகாது. கிரைண்டர் ஓடினால் அந்தத் தோலே இழுபட்டுப்போகும். அவள் அளந்தது கிரைண்டர் விட்டுப்போன இறுக்கத்தை. தகட்டைத் தேய்த்தார்களா என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவள் அவள்தான்.

பாதிக் காப்பியோடு எழுந்து போனாள். அமிலத்தில் வைத்து, மின்சாரம் பாய்ச்சி, கருவி எதுவும் படாமல் அந்தத் தோலைக் கரைத்துவிட்டுத் திரும்ப அளந்தாள். நூற்றெண்பது.

"மிஷின் கோளாறுன்னு எழுதிடேன், யாரு கேக்கப்போறா?" என்றேன்.

"மிஷின் என்னடி பண்ணுச்சு, பாவம்?"

மறுநாள் மூன்று மணிக்கு, எல்லார் முன்னாலும் நின்று தன் திருத்த அறிக்கையைப் படித்தாள். 'மேற்பரப்பைப் பற்றி நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.' காது மடல் சிவந்திருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"அப்ப என் வெல்டிங்கு?" என்றான் ஹோல்கர்.

"இந்த வருஷம் நான் அளந்ததுலயே உன்னுதுலதான் இறுக்கம் கம்மி. திங்கக்கெழம நீ உன் எடத்துக்கே போ."

ஹோல்கர் தன் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"இன்னொரு தடவ சொல்லு, குன்வோர்."

சொன்னாள்.