மஞ்சள் கோடு போடாத போல்ட்டுகள்

ரஞ்சிதாவும் அப்பா ரத்தினவேலும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காரில் சென்சார் மாற்றியது. ஓசூர் வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இன்ஜினுக்குள் தட்டும் சத்தம் வந்தால் கண்டுபிடிக்கிற சின்ன உறுப்பு அது. அந்தப் பழைய காரில் இரண்டு உண்டு. ஒன்றைத் தொடுவதென்றாலும் மேலே உள்ள மேனிபோல்டை, அதாவது இன்ஜினுக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பை, கழற்றித் தூக்க வேண்டும்.

தூக்கியதும், உள்ளே எதுவும் விழாதபடி திறந்த துளைகளில் அப்பா பழைய பனியன் துணியை எண்ணி அடைத்தார். ஆறு.

“ஏட்டி, இவ்வளவு பாடுபட்டுத் தொறந்தாச்சு. ரெண்டையும் மாத்திருவோம்.”

“மீட்டர் வச்சுப் பார்த்துட்டேம்ப்பா. இன்னொண்ணு நல்லாத்தான் இருக்கு. வீணா எதுக்கு?”

“இன்ஜினியரம்மா சொன்னா சரிதான். லைட்ட ஆட்டாமப் பிடி.”

மாலையில் மூடினார்கள். அப்பாவின் தொழிற்சாலையில், முறுக்கி முடித்த போல்ட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் கோடு போடுவார்கள். கோடு இருந்தால் வேலை முடிந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம், வீட்டுக்கும் வந்துவிட்டது. மிக்சி, கட்டில், குக்கர் கைப்பிடி, எல்லாவற்றிலும் கோடு. “என் நெத்தியிலயும் ஒண்ணு இழுத்து விடுங்க” என்பாள் அம்மா ஜெயமணி.

அன்றைக்கு மட்டும் அவர் கோடு போடவில்லை. கேட்டதற்கு, “பேனா காஞ்சு போச்சு” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ரஞ்சிதா காரைக் கிளப்பினாள். இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள். அவள் வேண்டாம் என்ற அந்த இன்னொரு சென்சார்தான். விளக்கு எரிந்த பிறகும் கார் பல கிலோமீட்டர் ஓடியிருப்பதாக ஸ்கேனர் காட்டியது. அப்பா போனதிலிருந்து காரை யாரும் தொடவில்லை. அப்படியென்றால் இந்த விளக்கை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கோபமா? இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாரா? அது தெரியாமல் அவளால் இறங்க முடியவில்லை.

முன்சீட்டுப் பெட்டியில் மஞ்சள் பேனா கிடந்தது. உள்ளங்கையில் இழுத்தாள். ஈரமாக எழுதியது. அதன் அடியில் ஒரு கிருஷ்ணகிரி உதிரிபாகக் கடைச் சீட்டு, சென்சார் வேலையெல்லாம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமைத் தேதியில். அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

“ரத்தினவேல் சாரு மகளாம்மா? மாதேஷ் பேசறேன். உங்க சென்சார் வந்து ரெண்டு வாரமாச்சு, சாரு போனே எடுக்கல. ‘போன வாட்டி பொண்ணு லைட் பிடிச்சா, இந்த வாட்டி அவ முறுக்கட்டும், நான் பிடிக்கறேன்’னாரு. கோடும் அவ கையாலதான் போடணுமாம். அது என்ன கோடும்மா?”

சொன்னாள். அப்பா இல்லை என்பதையும் சொன்னாள். “சென்சாரை எடுத்து வைக்கறேம்மா” என்று மாதேஷ் போனை வைத்தார்.

சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் அப்பாவின் எழுத்து.

‘சனி: கிருஷ்ணகிரி போய் சென்சார் வாங்க. ஞாயிறு ரஞ்சிக்கு லீவா, கேட்க.’