வர்ணக்காரர் வீட்டு அரைகல்

பொழுது விடிந்ததும் அவள் அரைகல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அது வழுவழுப்பான சதுரக் கல். அதன்மேல் ஈய வெள்ளையைக் குவித்து, நடுவில் குழி பண்ணி, ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கைக்கு அடக்கமான குழவியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். காரீயத்தைப் புளிக்கவைத்து எடுக்கிற பொடி அது. கப்பலில், பீப்பாய் பீப்பாயாக அந்தத் துறைமுகப் பட்டணத்துக்கு வந்து இறங்கும். திப்பி இல்லாமல் அரைத்தால்தான் கதவில் பூசும்போது மழமழவென்று வரும். வர்ணம் அடிப்பது கணவன் தொழில். அரைப்பது, கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து அவள் வேலை.

கை இரண்டும் மணிக்கட்டு வரை எப்போதும் வெளுத்தே இருக்கும். தெருவில் அவளுக்கு மாவுக்காரி என்றே பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் மாவு விலைக்குக் கிடைக்குமா என்று பாத்திரத்தோடு வந்து நின்றதுண்டு. "தாராளமா வாங்கிட்டுப் போங்க, தின்னா வயித்துக்குள்ள சுவரடிச்ச மாதிரி இருக்கும்" என்று கணவன் சொல்வான். சிரிக்கவைக்கத் தெரிந்த ஆள். கை நீட்டி அடித்தது கிடையாது. அவள் அரைத்ததை விரல் நுனியில் எடுத்துப் பார்த்து, "வெண்ணெய்டி, வெண்ணெய்" என்று சொல்லாமல் வேலைக்குக் கிளம்பியதும் கிடையாது.

அவளுக்கு நான்கு தடவை வயிற்றில் தங்கியது. நான்கும் போய்விட்டன.

முதல் தடவைக்குப் பிறகு நாவிதரைக் கூட்டிவந்தார்கள். முடி வெட்டுவது, பல் பிடுங்குவது, கெட்ட ரத்தம் எடுப்பது எல்லாம் அவர்தான். "ரத்தம் கொதிக்குது தாயி, கொதிக்கிற சட்டியில எது தங்கும்?" என்று இடுப்பில் அட்டை விட்டார். அட்டைகள் கடித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. "என்ன ராசியோ, என் அட்டைக்கே உன்னப் பிடிக்கலையே" என்று அவர் அலுத்துக்கொண்டார்.

இரண்டாவதற்குப் பிறகு மருந்துக்கடை. அங்கே துரைமார்களுக்கு முன்வாசல், மற்றவர்களுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஜன்னல். கடைக்காரர் ஜன்னல் வழியாக ஒரு பழுப்புப் புட்டியை நீட்டினார். அதைக் குடித்துப் பல்தான் கறுத்தது. மூன்றாவதற்கு, குதிரைச் சேணம் தைப்பவர் தோலில் ஒரு இடுப்பு வார் தைத்துக் கொடுத்தார். அதில் கொக்கி இரண்டு இருந்தது. "இத்தனை நாள் குதிரைக்குத் தைச்ச கை, கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும், பொறுத்துக்கம்மா" என்றார். பொறுத்துக்கொண்டாள். நான்காவதற்கு மருந்துக்கடைக்காரரே வீட்டுக்கு வந்து, முதுகில் ஒட்டிக்கொள்ளப் பிளாஸ்திரி கொடுத்தார். அந்தப் பிளாஸ்திரிக்கு வேண்டிய வெள்ளையை அவர் இந்த வீட்டில்தான் வாங்குவார். அவள் முதுகில் ஒட்டியது அவளே அரைத்ததுதான்.

ஒவ்வொரு தடவையும் உடம்பு எழுந்து உட்காரும் நிலைக்கு வந்ததும் அவள் கல்லுக்குத் திரும்பினாள். கை சும்மா இருந்தால் மனசு கெட்டுவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கணவனும் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். நான்காவது போனபோது அவள் அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "என்ன நெஞ்சோ" என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. நெஞ்சு என்று ஒன்று உள்ளே இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. நாக்கில் எப்போதும் பழைய காசைச் சப்பியது போல ஒரு ருசி. துணி தைக்கும்போது ஊசி குத்தினால், ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் விரலைக் குத்தியது தெரியும்.

இது ஐந்தாவது. மற்ற நான்கும் போன மாதங்களைத் தாண்டி, துணிக்கு மேலே தெரிகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. கணவன் தூரத்து ஊரில் இருந்த தன் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினான்.

அவள் அண்ணி என்று கூப்பிடும் அந்த நாத்தனார் அன்று காலை பெட்டியும் கையுமாக வந்து இறங்கினாள். தம்பி கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டுக்கு இப்போதுதான் வருகிறாள். கூடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, குழவிச் சத்தம் வந்த அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பண்ற?"

"வாங்க அண்ணி. துறைமுக ஆபீஸ் ஜன்னலுக்கு இன்னிக்கே வேணுமாம்."

"எந்திரி."

"இந்த ஒரு குவியல்தான், அரைச்சுட்டா முடிஞ்சுது."

"எந்திரிங்கிறேன்ல!"

அண்ணி அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, புழக்கடைக்கு இழுத்துப்போய், தொட்டித் தண்ணீரில் அவள் கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்ததைக் குச்சியால் நோண்டி எடுத்தாள். சின்னப் பிள்ளைக்குச் செய்வது போல இருந்தது. அவள் கையை விட்டுக்கொடுத்துவிட்டு நின்றாள்.

"எங்க வீட்டுல அரைகல் இருக்கிற ரூமை நாங்க மிதிச்சதே இல்ல" என்றாள் அண்ணி. "பொம்பள கை பட்டா வெள்ளை மஞ்சளாப் போயிடும்னு எங்கப்பா விடவே மாட்டாரு. கூலிக்கு ஆள் வச்சுதான் அரைப்பாரு. இவன் உன்கிட்ட சொல்லலையா?"

"சொன்னாரு அண்ணி."

சிரித்துக்கொண்டே சொன்னான். கல்யாணமான வாரம், அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று அவளை அரைக்கச் சொல்லி, ஒரு பலகையில் பூசிக் கூடத்துச் சுவரில் மாட்டினான். நாள் போகப் போகவும் பலகை வெள்ளையாகவே இருந்தது. கூட்டாளிகளைக் கூட்டிவந்து காட்டினான். "எங்கப்பன் காலமெல்லாம் பயந்தது இந்த லட்சணம்தான். அரைக்கிற கூலி அத்தனையும் தண்டம்." அவளுக்கும் அப்போது பெருமையாக இருந்தது. இந்த வீட்டில் தன் கையால் ஒன்று நிரூபிக்கப்பட்டிருக்கிறதே என்று.

"நான் அரைச்சது மஞ்சளாகலையே அண்ணி."

"மஞ்சளாகுறது அப்பா சொன்ன காரணம். அம்மா எங்களத் தனியா உக்கார வச்சு சொன்னது வேற." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "மருத்துவச்சி எங்க வீட்டுப் பின்வாசல்ல வந்து நிப்பா. வெளிய சொல்ல முடியாம வயித்துல வாங்கிட்டு நிக்கிற பொண்ணுங்க இருப்பாங்கல்ல, அவங்களுக்காக. கொஞ்சம் வெள்ளை கேட்டு வாங்கிட்டுப் போவா."

"வாங்கிட்டுப் போயி?"

"அது உள்ள போனா, இருக்கிறது தங்காது."

புழக்கடைச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, பறந்து போனது. அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"நான் தின்னலையே அண்ணி."

"அந்தக் கையோடதானே சாப்பிடுற? அந்தப் பொடிதானே மூக்குல ஏறுது?"

"மருத்துவச்சிக்கு யாரு எடுத்துக் கொடுப்பாங்க?"

அண்ணி கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள். "தம்பிதான். வீட்டுப் பொம்பளைங்க தொடக் கூடாதே. அவன்தான் மடிச்சு எடுத்துட்டுப் போயிக் கொடுப்பான்."

"சின்ன வயசுலயா?"

"சின்ன வயசுலயும் கொடுத்தான். மீசை முளைச்சப்புறமும் கொடுத்தான்."

"எதுக்குன்னு அவருக்குத் தெரியுமா?"

"அத நீ அவனத்தான் கேக்கணும்."

"இது தங்குமா அண்ணி?"

அண்ணி அவள் வயிற்றில் கை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். "தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கல்லுப் பக்கம் மட்டும் இனிமே போகாத."

மதியம் கணவன் சாப்பிட வந்தான். அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "வந்துட்டியா, இனி எனக்குக் கவலையில்ல. எங்க, இந்த வீட்டுச் சமையலத் தின்னு நான் எப்படி எளைச்சிருக்கேன் பாரு" என்று தொப்பையைத் தட்டிக் காட்டினான். அண்ணி சிரிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுப் புழக்கடைப் பக்கம் போய்விட்டாள்.

அவள் தட்டு வைத்துப் பரிமாறினாள். அவன் அரைகல் அறையை ஒரு பார்வை பார்த்தான்.

"என்ன, பாதியிலேயே கெடக்கு? உடம்பு முடியலையா? முடியலன்னா விடு, சாயந்திரமா பாத்துக்கலாம். துரைகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

"என்னங்க."

"ம்."

"உங்க வீட்டுப் பின்வாசலுக்கு மருத்துவச்சி வருவாளாமே."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பலகையையும் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கையில் இருந்த கவளத்தைத் தட்டின் ஓரத்தில், உடைந்துவிடும் சாமானை வைப்பது போல, மெல்ல வைத்தான்.

"வருவா" என்றான்.

"நீங்கதான் கொடுப்பீங்களாம்."

அவன் தட்டுக்கு வெளியே சிந்திய பருக்கையைப் பொறுக்கித் தட்டில் போட்டான்.

அவளுக்குக் கோபம் வரும் என்று அவளே காத்திருந்தாள். வரவில்லை. கடையில் எண்ணெய் என்ன விலை என்று விசாரிக்கிற குரலிலேயே கேட்டாள்.

"அவ எதுக்கு வாங்கிட்டுப் போறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். அவ்வளவுதான்.

"தெரிஞ்சிருந்துதா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க. நான் வேற ஒண்ணும் கேக்கல."

அவன் எழுந்தான். சாப்பிட்ட கையைக் கழுவாமலே, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குனிந்து நிலையைத் தாண்டி வெளியே போனான்.