கூடுதல் பயிற்சி என்ற பக்கம்

பயிற்சி இரண்டு நாள். தூத்துக்குடியில் மின்விசிறி சரியாக ஓடாத ஒரு கூடத்தில் எங்களை உட்கார வைத்து, ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புக்குத் தானே ஒரு இணையதளம் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார்கள். காசு வேண்டாம், கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டாம், கோலம் போடத் தெரிந்தால் போதும் என்றார் சொல்லிக்கொடுக்க வந்தவர். இவர் என்றைக்குக் கோலம் போட்டாராம் என்று பக்கத்தில் இருந்த டீச்சர் என் காதைக் கடித்தார். இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் எல்லோரும் ஆளுக்கொன்று கட்டிவிட்டோம். முகப்புக்கு ஒரு படம் வைக்கச் சொன்னபோது முக்கால்வாசிப் பேர் அதிலேயே தயாராக இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படத்தை வைத்தார்கள். நான் எங்கள் பள்ளி வாசலில் ஒரு ஆடு நிற்கும் படத்தை வைத்தேன். என் போனில் இருந்த ஒரே பள்ளிக்கூடப் படம் அதுதான்.

சான்றிதழ் கையில் வந்த அடுத்த வாரமே எல்லோரும் தளத்தை மறந்துவிட்டார்கள். நியாயம்தான். வருகைக்கு ஒரு செயலி, மதிய உணவுக்கு ஒரு செயலி, மதிப்பெண்ணுக்கு ஒன்று, செருப்பு அளவுக்கு ஒன்று என்று ஏற்கெனவே விரல் தேய்ந்துகொண்டிருந்தது. எனக்கு ஐம்பத்தொரு வயது. ஏரலிலிருந்து தினமும் பஸ் ஏறிக் கடலோரத்தில் இருக்கும் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு வந்து, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு அறிவியல் எடுத்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டவள். அப்படிப்பட்ட நான் மட்டும் அந்தத் தளத்தை விடாமல் வைத்திருந்ததற்குப் பெரிய லட்சியம் ஒன்றும் கிடையாது. நான் கட்டிய ஒன்று பாழாய்க் கிடப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்காது, அவ்வளவுதான். வீட்டில் எச்சில் தட்டு கிடந்தாலும் அப்படித்தான்.

தினமும் மூன்றரை மணிக்குக் கரும்பலகையைப் படம் எடுத்துப் போடுவேன். கீழே வீட்டுப்பாடம். அன்றைக்கு இத்தனை தடவை திறந்தார்கள் என்று ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரு எண் காட்டும். பெரும்பாலும் இரண்டு. ஒன்று, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் திறந்தது. இன்னொன்று யார் என்று எனக்குத் தெரியவில்லை. தலைமையாசிரியை வேவு பார்க்கிறார் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் உண்டு. வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே காரணத்தை எழுதி வைப்பேன். வருகைப் பதிவேட்டில் அதற்கு இடம் கிடையாது, அது என் சொந்த நோட்டு. புன்னைக்காயல் பிள்ளைகளுக்கு, ‘அப்பா கரைக்கு வந்திருக்கார்’, ‘கோயில் கொடியேற்றம்’. காயல்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு, ‘மாமா சவூதி போறாங்க, வழியனுப்ப’. எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக, ‘வ.வ.’ அப்படியென்றால் வயிற்று வலி, மாதம் ஒரு முறை. அந்த வருடம் நோட்டை விட்டுவிட்டுப் போனிலேயே ஒரு அட்டவணை போட்டுக்கொண்டேன். முதல் பக்கத்தில் வீட்டுப்பாடம், இரண்டாம் பக்கத்தில் காரணம். முதல் பக்கம் மட்டும் தளத்தில் தெரிகிற மாதிரி ஒட்டினேன். அப்படித்தான் நினைத்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை. கேள்விக்கு எழுந்து நின்றால் பதில் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பிள்ளை. நாலாவது நாள் வந்து, வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“உம்மாவுக்கு வயித்துல கட்டி டீச்சர். ஆபரேசன் பண்ணி எடுத்தாச்சு. சாச்சியும் நானுந்தான் ஆஸ்பத்திரில இருந்தோம். யார்ட்டயும் சொல்லிராதீங்க. வாப்பாவுக்குத் தெரியாது.”

சாச்சி என்றால் சித்தி. வாப்பா துபாயில் ஒரு மளிகைக்கடையில் இருந்தார். இந்தக் கரையில் இது பழகிப்போன விஷயம்தான். கடலுக்குப் போனவருக்கும், கடல் தாண்டி வேலைக்குப் போனவருக்கும் வீட்டுச் சங்கடத்தைச் சொல்ல மாட்டார்கள். மீன்பிடிக் குடும்பத்திலும் அப்படித்தான், மரைக்காயர் வீட்டிலும் அப்படித்தான். அங்கே இருந்துகொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. போட்டது போட்டபடி ஓடி வந்தால் வேலை போகும். ஆகவே காய்ச்சல் வந்தாலும், கூரை பெயர்ந்தாலும், சாவே விழுந்தாலும், ‘எல்லாரும் சொகமா இருக்கோம்’ என்பார்கள். கரைக்கு வந்த பிறகுதான் சொல்வது. யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்காமலேயே சின்னப் பிள்ளைகள்கூட இதைச் செய்யும்.

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. வழக்கம்போல அட்டவணையில் எழுதினேன். ‘உம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன். துணைக்கு இருந்தாள்.’

அடுத்த வாரம் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது போன் வந்தது. நீளமான, வெளிநாட்டு எண்.

“ஒம்பதாங் கிளாஸ் பி பிரிவு டீச்சர்தானே? துபாய்லேருந்து பேசுதேன். உங்க வெப்சைட்ல நம்பர் போட்டிருந்தீங்க.” மகளின் பெயரைச் சொன்னார். “தெனமும் பாக்கேன் டீச்சர். நீங்க போர்டுல போடுத படமெல்லாம் நல்லாருக்கு. இன்னைக்கு எம்மவ இதத்தான் படிச்சிருப்பான்னு நெனச்சிக்கிருவேன்.”

எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்த இரண்டாவது ஆள் இவர்தான். இத்தனை வருட வேலையில், நான் போட்ட படம் நல்லாயிருக்கிறது என்று எந்தப் பெற்றோரும் சொன்னது கிடையாது. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கேட்டார்.

“எம் பொண்டாட்டிக்கு என்ன டீச்சர்?”

வீட்டுப்பாட அட்டவணைக்குக் கீழே, சின்ன எழுத்தில் இரண்டாம் பக்கத்தின் பெயரும் தெரிந்திருக்கிறது. தொட்டால் திறந்துகொள்ளும். என் போனில் அது திரைக்கு வெளியே போய்விட்டதால் என் கண்ணில் படவில்லை. நாற்பத்திரண்டு பிள்ளைகளின் வீட்டுக் கதையை ஒன்றரை மாதமாகத் திறந்து போட்டு வைத்திருக்கிறேன். வயிற்று வலி உட்பட. சோற்றை மூடி வைத்தேன்.

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவருக்குப் பின்னால் யாரோ பெட்டி இறக்கும் சத்தம் கேட்டது.

“ரெண்டு மாசமா வீடியோல வரமாட்டேங்கா டீச்சர். கேமரா ரிப்பேருன்னு சொல்லுதா. சரிதான்னு நானும் இருந்துட்டேன்.”

“நீங்க கேட்டுருங்களேன் அவங்கள்ட்ட” என்றேன்.

“வேண்டாம். எனக்குத் தெரிஞ்சிட்டுன்னு தெரிஞ்சா, நான் வேலைய விட்டுட்டு வந்துருவேன்னு அது வேற பயந்து சாவா. தெரியாத மாதிரியே இருக்கேன். மச்சான் இங்கன என் ரூம்லதான் கெடக்கான், அவனும் கூட்டு. ஒரு வார்த்த சொல்லுதானா பாருங்க.” பிறகு, “அந்தக் காரணத்த மட்டும் நிப்பாட்டிராதீங்க டீச்சர். பெருசா ஏதும்னா மறைக்காம எழுதிருங்க. நான் வந்துருவேன். எனக்குச் சொல்றதுக்கு வேற ஆளு கெடையாது” என்றார்.

வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றதற்கு, அறையில் மச்சான் போனை எடுத்துப் பார்ப்பான் என்றார். அன்றைக்கே எல்லாப் பிள்ளைகளின் காரணத்தையும் அழித்தேன். தளத்தில் யாருக்கும் தெரியாமல் தனியாக ஒரு பக்கம் சேர்த்து, அதற்குப் போகும் வழியை அவருக்கு மட்டும் கொடுத்தேன். ‘கூடுதல் பயிற்சி’ என்று தலைப்புப் போட்டேன். அந்தத் தலைப்பைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் திறக்காது, மச்சானும் திறக்க மாட்டான்.

தினமும் காலையில் அந்தப் பிள்ளையிடம், “உம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்பேன். அவளுக்கு அதில் அத்தனை மகிழ்ச்சி. மற்ற டீச்சர்களுக்கு இல்லாத அக்கறை எனக்கு இருப்பதாக நினைத்தாள். ‘இன்று அரை இட்லி சாப்பிட்டார்கள்.’ ‘தையல் பிரித்தாயிற்று.’ ‘மாடிப்படி ஏறினார்கள், ஏறியதற்குச் சாச்சியிடம் திட்டு வாங்கினார்கள்.’ சாயங்காலம் இதை எழுதும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கும். ஒரு குழந்தை நம்பிச் சொல்வதை வாங்கி, அது யாரிடம் போகக் கூடாது என்கிறதோ அவரிடமே கொண்டு சேர்க்கிறேன். செய்யாமலும் இருக்க முடியவில்லை. உடம்பு அலுப்பு தூங்கினால் போய்விடும், இது போகவில்லை.

ஆவணி முடியப்போகும் ஒரு வெள்ளிக்கிழமை. பிரேயர் முடிந்து வரிசை கலைந்தபோது அவள் என் சேலை முந்தியைப் பிடித்து நிறுத்தினாள்.

“கட்டிய டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்கல்லா டீச்சர், அது நல்ல கட்டி இல்லையாம். திருநெல்வேலிக்குக் கொண்டு போணுமாம். புதன்கெழம இன்னொரு ஆபரேசன். வாப்பாவுக்கு அக்ரிமெண்டு முடிய ஆறு மாசந்தான் இருக்கு. அதுவரைக்கும் தெரியவே கூடாதுன்னு உம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. நீங்களும் சொல்லக் கூடாது.”

கையை நீட்டினாள். அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பொய்ச் சத்தியம். செய்கிற நேரத்திலேயே அது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் எழுதவில்லை. எழுதினால் ஒரு மனிதருக்கு வேலை போகும், ஒரு பிள்ளைக்கு என் மேலிருந்த நம்பிக்கை போகும். எழுதாவிட்டால் ஆறு மாதம் கழித்து அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது வீட்டில் அந்த அம்மா இருப்பார்களோ இல்லையோ. ஏரலில் எங்கள் பாத்திரக்கடையில் கணவரிடம் சொன்னேன். அண்டாவைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஏளா, ஊரான் வீட்டு விவகாரத்துல போயி நீ என்னத்துக்கு நடுவுல நிக்கே?” சற்றுப் பொறுத்து, “ஆனா எனக்கு இப்பிடின்னா, எவளாவது ஒருத்தி எழுதிப் போட்டாத் தேவலன்னுதான் இருக்கும்” என்றார்.

சனிக்கிழமை காலையில் கடையில் உட்கார்ந்து எழுதினேன். ‘கட்டி நல்ல கட்டி இல்லை. புதன்கிழமை திருநெல்வேலியில் மறுபடி ஆபரேஷன்.’ அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மத்தியானம் அந்தப் பக்கத்தின் எண்ணைப் பார்த்தேன். பத்தொன்பது. நான் திறந்தது ஒரே தடவை. மற்றதெல்லாம் அவர். ஒரே வரியைப் பதினெட்டுத் தடவை திறந்து பார்த்திருக்கிறார். வாடிக்கையாளர் குடத்தின் விலை கேட்டு நின்றார், நான் அண்டாவின் விலையைச் சொன்னேன்.

போன் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன் அவளும் வரவில்லை. வியாழக்கிழமை முதல் மணி அடித்த பிறகு ஓடி வந்தாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

“வாப்பா வந்துட்டாங்க டீச்சர்! செவ்வாக்கெழம வெள்ளன கதவத் தட்டுதாங்க, யாருன்னு பாத்தா வாப்பா! நாங்க யாருமே சொல்லல. ஒரு வாரமா மனசுக்கு என்னமோ பட்டுக்கிட்டே இருந்துச்சாம், அதான் பொறப்பட்டுட்டாங்களாம். உம்மா ஏசிக்கிட்டே அழுவுறாங்க. ஆபரேசனுக்கு உள்ள கொண்டு போற வரைக்கும் வாப்பாதான் கையப் புடிச்சிக்கிட்டு நின்னாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எங்க வாப்பாவுக்கு எல்லாம் மனசுலயே தெரிஞ்சிரும் டீச்சர்.”

“ஆமாளா” என்றேன். அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்ல வேளை, டீச்சர்களுக்குத் திரும்பிக்கொள்ள எப்போதும் ஒரு கரும்பலகை இருக்கிறது.

அந்த அம்மா தை பிறந்து பத்து நாள் வரைக்கும் இருந்தார்கள். அவள் வாப்பா கடைசிவரை பக்கத்திலேயே இருந்தார். துபாய் வேலை போய்விட்டது. இப்போது ஊரில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறார். மகள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். எங்கேயாவது எதிர்ப்பட்டால் அவர் தலையசைப்பார், நானும் தலையசைப்பேன். வேறு பேச்சுக் கிடையாது.

சென்ற மாதம் கல்வி ஆபிஸிலிருந்து உத்தரவு வந்தது. இனி எல்லாமே ஒரே புதுச் செயலியில்தான், ஆசிரியர்கள் சொந்தமாக வைத்திருக்கும் பழைய தளங்களை மூடிவிட்டு, மூடியதாக எழுதித் தர வேண்டுமாம். அப்பாடா, ஒரு சுமை குறைந்தது என்றுதான் போனை எடுத்தேன். அழிப்பதற்கு முன்னால் கூடுதல் பயிற்சிப் பக்கத்தை ஒரு முறை பார்க்கத் தோன்றியது. அரை இட்லி, தையல், மாடிப்படி, எல்லாம் அப்படியே இருந்தன. நான் அதில் எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓரத்தில் அன்றைய எண்ணைப் பார்த்தேன். இரண்டு. ஒன்று நான். முந்தின நாளுக்கு ஒன்று என்று காட்டியது. அதற்கு முந்தின நாளுக்கும் ஒன்று.

எதையும் தொடாமல் போனைப் பையில் போட்டுவிட்டு, மூடிவிட்டேன் என்று ஆபிஸுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.