ஐம்பத்தேழு மில்லிமீட்டர்

உங்களுக்குக் காது குத்த நான் வரவில்லை. கதை கட்டவும் தெரியாது. ஸ்பேனர் பிடித்தே காய்ந்த கை இது. பட்டப்பகலில், என் பட்டறையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் 2:10. மீன் விற்கும் அக்கா பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செத்துப்போன புருஷனுடைய வண்டி. அவன் போன எட்டு மாதமாக மீன் கூடை அவளுக்குத் தலைச்சுமைதான். நான்கு மணிக்கு வண்டிப் பரிசோதனையாம். ஆர்.சி. புத்தகத்தில் 150 சிசி என்று இருக்கிறது. எஞ்சினில் பொறித்திருந்த நம்பரை எவனோ அரம் வைத்து ராவிவிட்டான். அதனால் மெக்கானிக் அளந்து கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டுமாம். அளவு ஒத்துப்போகாவிட்டால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் ஆயுசுக்கும் கூடை அவள் தலையில்தான்.

எஞ்சினின் மேல்மூடியை, ஹெட்டை, கழற்றினேன். குப்பென்று நாற்றம் அடித்தது. மீன் வாடை என்று நினைத்தேன். இல்லை... மாதக்கணக்கில் விளக்காத வாய். உள்ளே பிஸ்டனின் தலை தெரிந்தது. கறுப்பாக, கொழகொழவென்று. துடைத்தேன். துணியோடு நூல் நூலாகக் கோழை வந்தது.

2:25. பிஸ்டன் ஓடும் துளையின் அகலத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். ஐம்பத்திரண்டரை மில்லிமீட்டர். அந்த ரக வண்டியில் அது 125. 150 என்றால் ஐம்பத்தேழு இருக்க வேண்டும். சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது.

வண்டிப் பக்கம் குனிந்தாள். “என்னங்க... இன்னுங் கொஞ்சம் தொறங்க.”

அதுவரை அவள் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள்.

மறுபடி பார்க்கச் சொல்கிறாளாக்கும் என்று அளந்தேன். 2:31. ஐம்பத்தேழு.

இரும்பு வளருமா? உள்ளே தேய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவினேன். எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான்.

வழுவழுப்பு. சூடு. கன்னத்தின் உள்பக்கம் மாதிரி...

சளக்.

பிஸ்டன் மேலே வந்தது. கிக்கரை யாரும் தொடவில்லை.

விரலை நக்கியது.

வாந்தி எடுத்தேன். சீட்டில் 150 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஹெட்டை மாட்டினேன். 3:40. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. பரிசோதனையிலும் பாஸ்.

மறுவாரம் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து கரிபிடித்த பிஸ்டன் ஒன்றை எடுத்து வைத்தான்.

“அந்த வண்டியோடதுதாண்ணே. அந்தக்கா புருஷன் சாகறதுக்கு முந்தின வாரம் கழட்டினேன். புதுசு கிடைக்கல, போடவே இல்ல. உள்ள வெறும் குழாய்தான்.”

வாங்கி அளந்தேன்.

ஐம்பத்திரண்டரை.