பசுவந்தனையில் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுபோன தேர்

கழுகுமலைப் பங்குனிக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பசுவந்தனைக்குப் போனேன். சாமி கும்பிட இல்லை, வேலைக்கு. அங்கே கேபிள் டிவி நடத்தும் செல்வராஜ் அண்ணாச்சி போனில் புலம்பிவிட்டார்: "தம்பி, புது சுவிட்சு மாட்டுனதுல இருந்து நம்ம லோக்கல் சேனல் நாலு நிமிசம் ஓடுது, அப்புறம் உறைஞ்சு நிக்கி. நேர்ல வந்து பாருங்க." மதுரையில் இருந்தபடியே சரிசெய்யப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் என் மனைவி மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. காலி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குக் கரிசல் வெயில் எவ்வளவோ தேவலை. இதே மாதிரி நெட்வொர்க் வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஆறரைக்கு மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி வண்டி ஏறினேன். கோவில்பட்டிக்கு நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வண்டி ஊருக்குள் போகாது, பைபாஸில் இறக்கிவிடும். இதை ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. பைபாஸில் நின்ற ஆட்டோக்காரர், "பசுவந்தனை வண்டி ஒம்பது மணிக்குல்லா? ஏறுங்க சார், பிடிச்சிருவோம்" என்றார். பிடித்துவிடுவோம் என்றவர் நடுவழியில் டீசலும் போட்டுக்கொண்டார். நல்லவேளை, டவுன் பஸ்ஸும் அவரைப் போலவே நிதானமாகப் புறப்பட்டது.

இருபது கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள். பருத்தி எடுத்து முடித்த காடுகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. உளுந்து பிடுங்கிய நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். பார்த்ததையெல்லாம் உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அவளுக்கு டூட்டி முடியச் சாயங்காலம் ஆகிவிடும். தினமும் ஆறு மணிக்கு நான் கூப்பிடுவேன், அவள் எடுப்பாள். இப்போதைக்கு எங்கள் குடும்பம் அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் அறை உரக்கடைக்குப் பின்னால் இருக்கிறது. வரும் லைனைத் தெருத்தெருவாகப் பிரித்து அனுப்பும் பெட்டிதான் சுவிட்ச். அதன் அமைப்பைத் திறந்து பார்த்ததுமே நோய் புரிந்தது. பழைய சுவிட்ச் சேனலை வேண்டும் என்பவருக்கும் வேண்டாம் என்பவருக்கும் சேர்த்துக் கொட்டும். அதனால் தெருவில் இன்டர்நெட் நகராது. புது சுவிட்ச் விவரமானது. கேட்ட வீட்டுக்கு மட்டும்தான் கொடுக்கும். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று வீடுகளை யாராவது விசாரிக்க வேண்டும். இந்த வலையில் அப்படி விசாரிக்க ஆளில்லை. கேட்காததால் எந்த வீடும் பதில் சொல்லவில்லை. நாலு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று சுவிட்ச் நிறுத்திவிடுகிறது.

அண்ணாச்சி இதற்குக் கைவைத்தியம் கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிவைத்திருந்தார். "வேற சேனலுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா ஓடும்ல! அதனால ஒருத்தரும் சண்டைக்கு வரல. அந்த அக்காவைத் தவிர."

அந்த அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். பேச்சியம்மாள், ஐம்பது வயதிருக்கும், அடுத்த வீடு, ஆடு வளர்க்கிறவர். கணவர் புரட்டாசியில் தவறிவிட்டார். வருடம் திரும்பும்வரை கோயிலுக்குப் போகக் கூடாது. லோக்கல் சேனலில் பத்து நாளாகச் சாயங்காலம் நாலு மணிக்குப் போன வருடத்துக் கழுகுமலைத் தேரைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அதுல அவிய வடம் பிடிச்சு வாராவளாம். மேலத்தெருக்காரி பாத்துட்டு வந்து சொல்லுதா. எனக்குத்தான் காணக் கொடுத்து வைக்கல" என்றார்.

"நின்னதும் சேனலை மாத்திப் பாக்கலாமேக்கா?"

"மாத்தத்தான் செய்யுதேன். இந்த செட்டாப் பெட்டி முழிச்சு வாரதுக்குள்ள அவிய தாண்டிப் போயிருதாவ போல."

அன்றைக்குத்தான் கடைசி. மறுநாள் கொடியேற்றம், அப்புறம் எல்லாம் நேரடி ஒளிபரப்பு.

ஒரே படத்தைக் கேட்ட வீடுகளுக்கெல்லாம் பகிர்ந்து கொடுப்பதற்கு மல்டிகாஸ்ட் என்று பெயர். இதற்கு மருந்து மல்டிகாஸ்ட் ப்ராக்ஸி, அதாவது வீடுகளின் சார்பில் பேசும் ஆள். கோவில்பட்டியில் இருந்து சேனலைக் கொண்டுவரும் லைனை மேல்பக்கம், தெருக்களுக்குப் போகும் லைன்களைக் கீழ்ப்பக்கம் என்று சுவிட்சில் பிரித்துவிட வேண்டும். பிறகு மல்டிகாஸ்ட் ரூட்டிங்கை இயக்கி, மேல்பக்கத்தில் ப்ராக்ஸியை வைக்க வேண்டும். இனி கீழே வீடுகளை விசாரிப்பது சுவிட்சின் வேலை. எல்லா வீட்டுக்கும் சேர்த்து மேலே ஒரே ஆளாகக் கேட்டு வாங்குவதும் அதன் வேலை. எழுதி முடித்துப் பெருமையாக நிமிர்ந்தால், சேனல் அடியோடு போய்விட்டது. மணி மூன்றரை. முன்பு நாலு நிமிடமாவது ஓடியது, இப்போது அதுவும் இல்லை. அண்ணாச்சிக்கு வரிசையாகப் போன் வர ஆரம்பித்தது. எழுதிய வரிகளை முதலில் இருந்து படிக்க ஆரம்பித்தேன். பேச்சியம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சேனலை அனுப்பும் கோவில்பட்டி சர்வரின் முகவரிக்கு வழி எழுத மறந்திருந்தேன். வழி தெரியாத இடத்தில் இருந்து வரும் படத்தைச் சுவிட்ச் நம்பாது, தூக்கி எறிந்துவிடும். ஒரே ஒரு வரிதான். எழுதியதும் படம் வந்தது.

சோதனைக்கு அந்த அக்கா வீட்டு டிவி முன்னாலேயே உட்கார்ந்தோம். தேர் கிளம்பியது. நாலு நிமிடம் தாண்டியது. ஐந்து தாண்டியது. அண்ணாச்சி என் தொடையைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில், தலையில் துண்டு கட்டிய ஒருவர் வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கேமரா பக்கம் வந்தார். முகத்தைத் துடைத்தார். கடந்து போனார்.

பேச்சியம்மாள் எழுந்து நின்றுவிட்டார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "வெயில்ல கறுத்துட்டாவ" என்றார். அப்புறம்தான் அழுதார்.

"அக்கா, இதை உங்க போன்ல ஏத்தித் தாரேன். எப்ப வேணும்னாலும் போட்டுப் பாத்துக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. நான் போட்டு வந்தா அது வெறும் படம். இன்னைக்கு அவியளாவே வந்தாவல்லா. அது போதும்."

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ப்ராக்ஸி போடும் முன் சர்வருக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய செட்டாப் பெட்டிகள் இருக்கும் ஊரில், வீடுகளை விசாரிக்கும் ஐ.ஜி.எம்.பி. முறையை இரண்டாம் பதிப்பிலேயே வையுங்கள். ஐந்து நிமிடம் ஓடாமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்பும் பஸ் எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.

ஐந்தேகால் வண்டியில் கிளம்பிவிட்டேன். ஆறு மணிக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். வழக்கமாகக் கூப்பிடும் நேரம். போனைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடாமல் இருந்தேன். ஆறேகால் ஆயிற்று. டீ ஆறிவிட்டது. ஒருவேளை அவளுக்கு ஞாபகமே வராதோ என்று பயமாகக்கூட இருந்தது. ஆறு இருபதுக்குப் போன் அடித்தது. உடனே எடுக்கவில்லை. அவள் பெயர் தானாகத் திரையில் வந்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் எடுத்தேன்.