ஷம்ஸி போட்ட கையெழுத்து

ஷீராஸ்காரர்களுக்கு விடிந்ததும் இரண்டு வேலைகள் உண்டு. இன்றைக்கு எந்த வேலையைத் தள்ளிப்போடலாம் என்று யோசிப்பது ஒன்று. வீட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கஞ்சிக்கடைக்குப் போவது மற்றொன்று. எங்கள் தெருவில் அந்த இரண்டாவது வேலை முப்பது வருஷமாக ஷம்ஸியின் கடையில்தான் நடந்தது. கொத்தமல்லி, வெந்தயக்கீரை, கடலை, பயறு, அரிசி, ஆட்டுக் கழுத்துக் கறி எல்லாம் ஒன்றோடொன்று குழைந்து போகும்வரை மசித்து, மேலே பொரித்த வெங்காயத்தைத் தூவித் தருவாள். காலை ஒன்பது மணிக்கு மேல் போனால் பானையைச் சுரண்டும் சத்தம்தான் மிச்சம் இருக்கும்.

ஷம்ஸிக்கு ஐம்பத்தெட்டு வயது. குள்ளம், நல்ல பருமன். பூப்போட்ட முக்காட்டை நாடிக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டிருப்பாள். ஐந்து வேளையும் தொழுவாள். ஊர்ப் பழக்கப்படி எந்த ஆண்பிள்ளையையும் 'காகோ' என்று அண்ணன் முறை சொல்லித்தான் கூப்பிடுவாள், அவன் போலீஸாக இருந்தாலும் சரி.

அவள் கணவன் கராமத், பந்தர் அப்பாஸ் சாலையில் லாரி ஓட்டியவன். ஒரு மலை வளைவில் லாரி கவிழ்ந்து இடுப்பு உடைந்து வீட்டோடு உட்கார்ந்தபோது, ஷம்ஸிக்கு இரண்டு பெண் குழந்தைகள், வயது இருபத்தாறு. வீட்டு வாசலில் கஞ்சி விற்க ஆரம்பித்தாள். பிறகு கடை பிடித்தாள். உரிமம் கேட்கப் போனால், "புருஷன் பேர்ல எழுதித் தரோம், அவரை வரச் சொல்லு" என்றார்கள். "கஞ்சி கிண்டறது நான், பேரு மட்டும் அவருக்கா?" என்று கேட்டுவிட்டு அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமைதோறும் பின்னல் ஊசியும் நூலுமாகப் போய் உட்காருவாள். பதினோரு மாசம். கடைசியில் இவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், இவள் பேரிலேயே எழுதித் தொலைத்தார்கள். அதற்குள் இரண்டு குழந்தைகளுக்கும் ஸ்வெட்டர் தயாராகிவிட்டது. அந்த உரிமத்தைச் சட்டம் போட்டு அடுப்புக்கு மேலே மாட்டி, புகை படியும் கண்ணாடியை வாரம் ஒருமுறை வினிகர் போட்டுத் துடைப்பாள். அவள் பேர் தனியாக எழுதியிருந்த காகிதம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

இப்படிப்பட்டவளுடைய கடைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சீல் வைத்தார்கள்.

காரணம் பரஸ்தூ. பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு முறை முடிந்ததும் நேராக இங்கே வந்து நின்றுகொண்டே கஞ்சி குடிப்பாள். ஒன்றரை வருஷமாகத் தலையில் துணி இல்லாமல், கழுத்தளவு முடியோடுதான் வருகிறாள். ஷம்ஸி ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. வெங்காயம் கொஞ்சமா நிறையவா என்பதைத் தவிர அவளிடம் கேட்க எதுவும் இருக்கவில்லை. ஆனால் எதிர்க் கம்பத்தில் புதிதாக ஒரு கேமரா முளைத்திருந்தது. ஷம்ஸியின் கைப்பேசிக்கு ஒரு எச்சரிக்கை வந்தது, பிறகு இன்னொன்று. மூன்றாவது தடவை அதிகாரி நேமதியே நேரில் வந்துவிட்டார், கையில் ஈய முத்திரையும் ஒரு காகிதமுமாக.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: தலையை மூடாத பெண் யாருக்கும் இனி உணவு தரமாட்டேன், வந்தால் வெளியே அனுப்பிவிட்டு அலுவலகத்துக்குத் தகவல் சொல்வேன்.

"ஒரே ஒரு கையெழுத்துதாம்மா," என்றார் நேமதி. முப்பத்தைந்து வயதிருக்கும். தாடியை ஒழுங்காகக் கத்தரித்திருந்தார். பேச்சிலும் மரியாதைக்குக் குறைவில்லை. "இந்தத் தெருவுல எல்லாக் கடைக்காரங்களும் போட்டுட்டாங்க."

"எல்லாரும்தான் போட்டாச்சே காகோ, அப்புறம் என்னோடது எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம். இல்லன்னா உரிமம் ரத்து. அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் கிடைக்காது."

கதவில் கம்பியைக் கோத்து முத்திரை அடித்துவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்த பானையைக்கூட எடுக்க விடவில்லை. அன்றைக்கு மிஞ்சிய கஞ்சி உள்ளேயே புளித்து, மூன்றாம் நாள் தெரு முழுக்க நாறியது.

கராமத் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். "போட்டுக் குடுத்துடு ஷம்ஸி. இந்த ஊர்ல கையெழுத்துப் போட்டவன் எவன் அதும்படி நடந்திருக்கான்? எதிர்ல தையல்கடைக்காரன் போடலையா? அவன் கடைக்குப் பொம்பளைங்க எப்படி வராங்கன்னு நீயே பாக்கறல்ல?"

"அவன் கடை உள்ளடங்கி இருக்கு. என் கடை கம்பத்துக் கேமராவுக்கு நேரா இருக்கு. நான் தினமும் அந்தப் பொண்ணைத் துரத்தணும், இல்ல காட்டிக் குடுக்கணும்."

"அவ ஒரு துணியைப் போட்டுக்கிட்டு வரட்டும். என்ன குடி முழுகிடும்? நீ போட்டுக்கல?"

ஷம்ஸி அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுக்குப் பதினான்கு வயது. ஆட்சி மாறிய புதிது. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் தலையை மூடியே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பக்கத்து இடத்துக்காரி மாஹ்ரோக் வெறும் தலையோடு வந்தாள். தலைமையாசிரியை வகுப்புக்கு நடுவில் நின்று, "இவகூட உக்காரப் போறது யாரு?" என்று கேட்டார்.

"நான் எழுந்து பின்பெஞ்சுக்குப் போயிட்டேன். யாரும் என்னைப் பிடிச்சுத் தள்ளல. நானேதான் போனேன். மறுநாள்ல இருந்து அவ வரல." முக்காட்டு முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டாள். "இது எங்கம்மா கட்டிவிட்டது. எனக்குப் பிடிச்சிருக்கு, கட்டிக்கறேன். இவனுங்க சொல்லிக் கட்டல. அதனால இன்னொருத்தி தலையில இவனுங்களுக்காக நான் கட்டிவிடவும் மாட்டேன்."

கராமத்துக்குச் சமாதானம் ஆகவில்லை. தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான்.

புதன்கிழமை பரஸ்தூ வீட்டுக்கே வந்தாள். தலையில் கறுப்புத் துணியைச் சுற்றியிருந்தாள். பழக்கம் விட்டுப்போனதால் ஒரு பக்கம் தொங்கியது.

"அக்கா, கையெழுத்துப் போட்டுடுங்க. நான் இனிமே இப்படியே வந்துடறேன். என்னால உங்க பொழப்புல மண்ணு விழ வேண்டாம்."

"முதல்ல அதைக் கழட்டு," என்றாள் ஷம்ஸி. "இங்க ஒருத்தி உனக்காக மல்லுக்கு நிக்கறேன். நீ என்னடான்னா இதைச் சுத்திக்கிட்டு வந்து நிக்கிற. உனக்குக் கட்டவும் தெரியல. பாக்கறதுக்குப் பல்வலி வந்தவ மாதிரி இருக்கு."

பரஸ்தூ சிரித்துவிட்டாள். அப்படியே அழவும் செய்தாள். துணியை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஷம்ஸி பள்ளிவாசலுக்குப் போனாள். முஹர்ரம் மாதத்தில் ஊருக்கே சமைக்கும் பெரிய செப்பு அண்டா அங்கே இருக்கிறது. பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்ளும் ஹாஜி யதுல்லாவிடம், "ஒரு நேர்ச்சை இருக்கு, அண்டா வேணும்" என்றாள். நேர்ச்சை என்று வந்து கேட்பவரிடம் ஹாஜி எதற்கு, ஏன் என்று கேட்டதில்லை. அண்டா கைவண்டியில் ஏறி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை, முத்திரை தொங்கிய கடைக் கதவுக்கு நேர் முன்னால், நடைபாதையில் அண்டா உட்கார்ந்திருந்தது. அடியில் எரிவாயு அடுப்பு சீறியது. விற்பனை கிடையாது. எல்லாம் நேர்ச்சை, எல்லாருக்கும் சும்மா. நேர்ச்சைக் கஞ்சி என்றால் குடிக்க வருபவர்கள் முதலில் துடுப்பைப் பிடித்து இரண்டு சுற்றுக் கிண்டி, மனசுக்குள் ஒன்றை வேண்டிக்கொள்வார்கள். என்ன வேண்டினோம் என்று வெளியே சொல்லக்கூடாது. எட்டு மணிக்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. கறுப்புச் சாதர் போர்த்தியவர்கள் வந்தார்கள். முடியைப் பின்னிப் போட்டவர்கள் வந்தார்கள், நரைத்த தலையைக் காற்றில் விட்டுக்கொண்டு மருந்துக்கடைக்காரர் மனைவி வந்தாள். பரஸ்தூ வந்தாள், துணி இல்லாமல். கேமரா எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருத்தி அதைப் பார்த்துக் கிண்ணத்தைத் தூக்கி, "உனக்கும் வேணுமா?" என்றாள்.

பதினொரு மணிக்கு நேமதி இரண்டு காவலர்களோடு வந்து இறங்கினார். கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் ஜனங்கள் கலைந்து போவார்கள் என்று நினைத்திருந்தவருக்கு, வரிசையைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"இது என்ன கூத்து? யாரைக் கேட்டு வச்சீங்க?"

"நேர்ச்சை காகோ. அல்லாவுக்கு வச்சது. அதுக்கு உங்க ஆபீஸ்ல தனியா ஒரு ஃபாரம் இருக்கா?"

"அண்டாவை இறக்குங்கடா. சாக்கடையில கொட்டுங்க."

காவலர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர நகரவில்லை. ஒருவன் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான். நேமதி பல்லைக் கடித்துக்கொண்டு தானே முன்னால் வந்தார். ஷம்ஸிக்கு முப்பது வருஷப் பழக்கம், அண்டாவை நெருங்கி வருபவரிடம் என்ன செய்வாளோ அதையே செய்தாள். துடுப்பை நீட்டினாள்.

"வாங்க, நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க. பிஸ்மில்லா சொல்லி ஒரு சுத்துக் கிண்டுங்க."

நேமதியின் கை துடுப்பை வாங்கிக்கொண்டது. அவர் வாங்கினார் என்று சொல்ல முடியாது, கைதான் வாங்கியது. நடக்கப் பழகும் முன்பே தாய் இடுப்பில் வைத்துத் தூக்கி, இவர் கையைப் பிடித்து எத்தனை அண்டாக்களில் கிண்ட வைத்திருப்பாளோ. இந்த மண்ணில் பிறந்தவன் எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் செய்வான். துடுப்பு கஞ்சியில் இறங்கியது. அவர் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. மூன்று சுற்று. உதடு அசைந்தது. வரிசையில் யாரோ நபியை வாழ்த்தி உரக்க ஸலவாத் சொல்ல, தெருவே திருப்பிச் சொன்னது. அதில் அவர் குரலும் இருந்தது.

கண்ணைத் திறந்தபோதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. தான் கிண்டி, தானே வேண்டிக்கொண்ட கஞ்சி. இனி அதைச் சாக்கடையில் கொட்ட அவருக்கே கை வராது. யாரும் சிரிக்கவில்லை. கழுத்து வரைக்கும் வேர்த்திருந்தது அவருக்கு.

ஷம்ஸியை நடைபாதை ஓரத்து நாரத்தை மரத்தடிக்குக் கூப்பிட்டார். கராமத்தும் தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனான். நேமதி குரலை இறக்கினார்.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க போட வேண்டாம். உங்க பேர்ல நானே ஒரு கிறுக்கல் போட்டுக்கறேன். சாயங்காலமே முத்திரையை எடுத்துடறேன். கேமராவை ஒரு ரெண்டு விரக்கடை அந்தப் பக்கம் திருப்பச் சொல்றேன். நீங்க பாட்டுக்குக் கடையை நடத்துங்க."

கராமத்தின் முகம் மலர்ந்துவிட்டது. ஷம்ஸிக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் அவளுக்குக் கடைக்குள் போய்க் கழுவாத பானையைக் கழுவ வேண்டும் போலிருந்தது. சனிக்கிழமை காலை அடுப்புப் பற்றவைப்பதுவரை நினைத்துப் பார்த்துவிட்டாள். யாருக்கும் நஷ்டமில்லை, பொய்யும் அவள் சொன்னதாகாது.

"நல்ல மனசுதான் உனக்கு, காகோ," என்றாள் மெல்ல. "ஆனா நாளைக்கு அந்தக் காகிதத்தை அடுத்த தெருவுல இன்னொரு பொம்பளை மூஞ்சிக்கு நேரா நீட்டுவீங்க. ஷம்ஸியே போட்டுட்டா, உனக்கு என்ன வந்ததுன்னு கேப்பீங்க. கேப்பீங்களா மாட்டீங்களா?"

நேமதி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"பேனாவை எடு. அதே காகிதத்துல, இந்தப் பொம்பளை மறுத்துட்டான்னு எழுது. அதுக்குக் கீழ நான் போடறேன்."

"போட்டா அதோட முடிஞ்சுதும்மா. உரிமத்தை இப்பவே கழட்டி எடுத்துட்டுப் போகணும்."

"தெரியும். எழுது."

கடைக் கதவில் காகிதத்தை வைத்து நேமதி எழுதினார். ஷம்ஸி ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துப் பார்த்தாள். 'மறுத்துவிட்டார்' என்பது சரியாக இருந்தது. அதன் கீழே முழுப் பேரையும் தகப்பன் பேரையும் எழுதினாள். அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக.

உரிமத்தை எடுப்பதற்காக அவர்களே முத்திரையை உடைத்தார்கள். ஷம்ஸி தானே உள்ளே போய், நாற்காலி போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றினாள். கண்ணாடியைப் பாவாடை நுனியால் ஒருமுறை துடைத்தாள். நேமதி கையில் கொடுத்ததும் அழுகை வந்துவிட்டது. முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வரிசை அப்படியே நின்றிருந்தது, ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. பரஸ்தூ துடுப்பை வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

தொழுகை முடிந்து ஹாஜி யதுல்லா கைவண்டியோடு வந்தபோது அண்டா காலியாகியிருந்தது. கதவில் மறுபடி கோத்திருந்த புதுக் கம்பியையும், வெறுந்தலையோடு கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த பெண்களையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். கராமத் தடியை எடுத்து வண்டிக்கும் அண்டாவுக்கும் நடுவில் குறுக்கே நீட்டினான்.

"அண்டாவை இன்னைக்குத் தரமாட்டோம் ஹாஜி. நேர்ச்சை இன்னும் நிறைவேறல."

"எத்தனை வெள்ளிக்கிழமைக்கு வேணும்?"

கராமத் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"நிறைவேறற வரைக்கும்," என்றாள் ஷம்ஸி.

ஹாஜி தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு வெறும் வண்டியைத் திருப்பினார். "மூடியும் பள்ளிவாசல்லதான் கிடக்கு," என்றார். "யாரையாவது அனுப்பி எடுத்துக்கங்க."